இணைக்கப்படுகிறது

கைப்பையை மேசைமேல் வைப்பதற்கு முன்பே தொலைபேசி அடித்தால் அந்த நாள் உருப்படாது என்பது பூட்டம்மாவின் அனுபவம். அன்றும் அடித்தது.

பூட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுவதும் அவள் பொறுப்பு. எந்த டாக்டர் வந்து எதைக் கேட்டாலும், "அது பூட்டியிருக்கு சார், திறக்க முடியாது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சினிமா பார்க்கும் தளம் பூட்டு, கடைத்தளம் பூட்டு, அரட்டை மென்பொருள் எல்லாமே பூட்டு. அவளுக்கு முன்னால் எல்லோரும் மேடம் என்பார்கள். நாற்காலியைவிட்டு எழுந்து போனதும் பூட்டம்மா ஆகிவிடுவாள். அவளுக்கும் அது தெரியும். கேலி செய்கிறவர்கள் வேலையையும் செய்துகொண்டிருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

"மேடம், கீழே கொஞ்சம் வர்றீங்களா?" என்றார் மறுமுனையில் அடித்தள வார்டின் தலைமை நர்ஸ். மருத்துவமனை முழுவதும் அவரை சிஸ்டர் என்றே அழைக்கும்.

"என்ன விஷயம் சிஸ்டர்?"

"டேப் சுத்திக்கிட்டே இருக்கு."

"எந்த டேப்?"

"நோயாளிக்குக் கொடுக்கற டேப், அந்தத் தொடுதிரை கம்ப்யூட்டர். செய்தி அனுப்பற மென்பொருளைத் திறந்தா 'இணைக்கப்படுகிறது'ன்னு போட்டு ஒரு வட்டம் சுத்துது. நானும் பாத்துப் பாத்து எனக்கே தலை சுத்துது."

"செய்தி மென்பொருளை நாம பூட்டித்தானே வெச்சிருக்கோம்?"

"அதைத் திறக்கத்தானே மேடம் உங்களைக் கூப்பிடறேன்."

அடித்தளத்தில் இருந்த அந்த வார்டு மற்ற வார்டுகளைப் போன்றது அல்ல. தொண்டையில் சுரப்பிப் புற்று வந்து அறுவை முடிந்தவர்களுக்கு அங்கே ஒரு மாத்திரை கொடுப்பார்கள். கதிர்வீச்சு மாத்திரை. விழுங்கியபின் சில நாட்களுக்கு அந்த உடம்பின் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. அதனால் தடித்த கான்கிரீட் சுவர், ஈயத்தகடு அடித்த கதவு, உள்ளே ஒரே ஒரு ஆள். கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது; கிடைத்தாலும் சொந்தப் பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது. போனால் லேசில் வெளியே வராது. வெளியே இருப்பவர்களோடு பேச சுவரில் ஒரு தொலைபேசி உண்டு. இதுவரை வந்த நோயாளிகளுக்கெல்லாம் அது போதுமானதாக இருந்தது.

பூட்டம்மா படியிறங்கிப் போனபோது வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. கழுத்தில் அறுவைத் தழும்பை மறைத்து ஒரு துணி சுற்றியிருந்தாள். அதன் ஓரம் அத்தனை நேர்த்தியாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவள் கணவர் நின்றார். தச்சு வேலை செய்பவர். காதோரத்தில் ஒரு பென்சில், சட்டை மடிப்பில் மரத்தூள். நேராக வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"இவங்கதான் மேடம்," என்றார் சிஸ்டர். "இவங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது. பொறந்ததுலருந்தே. சுவர் போன் இருந்து என்ன பிரயோஜனம்?"

"எழுதி அனுப்பலாமே. கதவுக்கு அடியில…"

"உள்ளே இருந்து காகிதம் வெளிய வரக்கூடாது மேடம். அதுலயும் கதிர் ஒட்டியிருக்கும்."

தையல்காரி தலை நிமிர்ந்தாள். "நான் அடம்பிடிக்கறேன்னு நினைக்காதீங்க மேடம். ஆபரேஷன் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, முடிஞ்சதும் மைக்குல பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. கூப்பிட்டா இவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் உள்ள போறாங்க, வர்றாங்க. இவர் மட்டும் அதே தூண்கிட்ட நின்னிருக்கார். ஒரு நர்ஸம்மா யார்கிட்டயோ இல்லைன்னு தலையாட்டியிருக்காங்க. அதைப் பாத்துட்டு நான் போயிட்டேன்னே முடிவு பண்ணிட்டார். சாயங்காலம் வரைக்கும் அங்கயே நின்னு அழுதிருக்கார்." சற்று நிறுத்தி, "இனிமே எங்கிட்டருந்து தகவல் இல்லாம ஒரு நாள்கூட உங்களை விடமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அது முடியும்னா உள்ள போறேன். இல்லைன்னா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

மாத்திரை காலையிலேயே ஈயப் பெட்டியில் வந்து இறங்கிவிட்டது. அதற்கு ஆயுள் குறைவு. நேரம் போகப் போக வீரியம் குறையும். அன்று சாயங்காலத்துக்குள் விழுங்காவிட்டால் வீண். அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன தடவையும் அவள் இதே பெஞ்சுவரை வந்து திரும்பிப் போனவள். மறுபடியும் தள்ளிப்போனால் நோய் சும்மா இருக்காது என்று டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

இதெல்லாம் காதில் விழுந்தபிறகு "பூட்டியிருக்கு" என்று சொல்ல பூட்டம்மாவுக்கு நாக்கு எழவில்லை. "பத்து நிமிஷம் கொடுங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். வாழ்க்கையில் மனிதர்கள் அதிகமாகச் சொல்லும் பொய் அதுதான் என்பது அன்று அவளுக்கு நன்றாகப் புரியப் போகிறது.

ஃபயர்வால் என்பது ஒரு வாசல் காவல்காரன். உள்ளேயிருந்து போகிற ஒவ்வொன்றையும், வெளியேயிருந்து வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி, யார், எங்கே, எதற்கு என்று விசாரித்து, பட்டியலில் இருந்தால்தான் விடுவான். பூட்டம்மா அந்தப் பட்டியலில் செய்தி மென்பொருளின் பெயரைச் சேர்த்தாள். தன் லேப்டாப்பில் அதைத் திறந்தாள். வட்டம் ஒரு சுற்று சுற்றியது, திறந்துகொண்டது. தனக்குத்தானே ஒரு செய்தி அனுப்பினாள். வந்தது. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

"ஆச்சு," என்றாள் மூச்சு வாங்க. சிஸ்டர் டேப்பில் தொட்டார். இணைக்கப்படுகிறது. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பூட்டம்மா லேப்டாப்பைத் திறந்தாள். அதிலும் இப்போது வட்டம்.

"இப்பதானே மேல வேலை செஞ்சுது."

"மேல செஞ்சு என்ன பண்றது மேடம், நோயாளி கீழல்ல இருக்காங்க," என்றார் சிஸ்டர்.

மறுபடி மேலே. பட்டியலைத் திறந்தால், அவள் எழுதிய வரியைக் காணோம். அவளுக்கு ஒரு கணம் தன் கண்மேலேயே சந்தேகம் வந்தது. மறுபடி எழுதினாள். வேலை செய்தது. கீழே போவதற்குள் நின்றுவிட்டது. மேலே வந்தால் வரி இல்லை. மணலில் எழுதியதை அலை வந்து துடைப்பதைப் போல யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல் அவளுக்கு ஞாபகம் வந்தது. நீளமாக இருந்ததால் பாதியிலேயே மூடி வைத்தது. தேடி எடுத்து மீதியையும் படித்தாள். இனிமேல் எல்லாக் கிளைகளின் ஃபயர்வாலுக்கும் விதிகள் தலைமை அலுவலகத்திலிருந்தே சற்றைக்கு ஒருதரம் இறங்கும். கிளைகளில் எழுதியவை தானாக அழிந்துபோகும்.

அதாவது, பூட்டம்மாவையே பூட்டிவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்தை அழைத்தாள். பதிவு செய்த குரல் ஒன்று அவளுடைய அழைப்பு மிக முக்கியம் என்று சொல்லி ஒரு வாத்திய இசையைப் போட்டுவிட்டுப் போனது. முக்கியமானவர்களை யாரும் இவ்வளவு நேரம் காக்கவைப்பதில்லை என்று அந்தக் குரலிடம் யாராவது சொன்னால் தேவலை. கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது. நெட்வொர்க் பாதுகாப்புப் பிரிவில் உட்கார்ந்திருப்பவன். எந்தக் கோரிக்கையையும் டிக்கெட் என்கிற கணினிப் படிவத்தில் பதியாமல் தொடமாட்டான் என்பதால் எல்லாக் கிளைகளிலும் அவனுக்கு டிக்கெட் என்றே பெயர்.

"மேடம், டிக்கெட் போட்டீங்களா?"

"போட்டிருக்கேன் தம்பி."

"எந்தப் பிரிவுல?"

"அவசரம்கற பிரிவுல."

"சர்வர் விழுந்தாத்தான் மேடம் அவசரம். நீங்க கேக்கறது அரட்டை மென்பொருள். அதை வேற பிரிவுல போடணும். நோயாளி பொழுதுபோக்குன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க."

"இது பொழுதுபோக்கு இல்ல தம்பி."

"காரணம்னு கேட்ட எடத்துல என்ன எழுதினீங்க?"

"சொந்த விஷயம்னு."

"அப்ப அது நிராகரிச்சிடும் மேடம். நான் நிராகரிக்கலை. அதுவா நிராகரிச்சிடும்."

பூட்டம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் பக்தி உள்ளவள். தினமும் காலையில் பிரார்த்தனை செய்யும்போது, இன்று யாரையும் கடிந்து பேசாமல் இருக்க அருள் செய் என்று கேட்பவள். அந்த அருள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுவரைதான் தாங்கும். அன்று அதுகூடத் தாங்கவில்லை.

"தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஏன் மேடம்?"

"வீட்டுக்காரிகிட்ட பேசணும்னா டிக்கெட் போட்டுட்டுத்தான் பேசுவீங்களா?"

"இப்பல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான் மேடம் ஆயிடுச்சு," என்றான் டிக்கெட். "அதுவும் உடனே நிராகரிச்சிடுது."

கோபத்தோடு வாயைத் திறந்த பூட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு பழையபடி கோபப்படுவது கஷ்டம். அவள் குரலை இறக்கி, தையல்காரியைப் பற்றிச் சொன்னாள். மைக்கில் கூப்பிட்டதையும், தூணோடு நின்றவரையும் பற்றிச் சொன்னாள். டிக்கெட் குறுக்கே பேசவில்லை.

"லைன்லயே இருங்க மேடம்," என்றான். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "உங்க கட்டடத்துக்கு மட்டும் விதி இறங்கறதை நிறுத்தி வெச்சிருக்கேன். மென்பொருளையும் திறந்துட்டேன். இது நான் பண்ணக்கூடாது. மேல கேட்டாங்கன்னா நான்தான்னு சொல்லிக்கறேன். நீங்க எதுவும் சொல்லிக்க வேண்டாம்."

"நல்லா இருப்பீங்க தம்பி," என்றாள் பூட்டம்மா. மனதாரத்தான் சொன்னாள்.

இந்தத் தடவை அவள் ஓடவில்லை, நிதானமாகவே இறங்கினாள். லேப்டாப்பில் மென்பொருள் திறந்தது, திறந்தபடியே இருந்தது. தச்சரின் கைபேசியை மருத்துவமனை வைஃபையில் சேர்த்தாள். அதிலும் வேலை செய்தது. தச்சர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தையல்காரி பையின் வாரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள்.

"டேப்பைக் கொடுங்க சிஸ்டர்."

டேப், கழுவித் துடைப்பதற்கு வசதியாகக் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி மூடியிருந்தது. மேல் விளிம்பில், 'வார்டுக்கு வெளியே எடுக்கக் கூடாது' என்று பட்டையாக ஒரு ஸ்டிக்கர். பூட்டம்மா மென்பொருளைத் தொட்டாள்.

இணைக்கப்படுகிறது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

"அதுக்கு வேற வேலையே தெரியாது போல," என்றார் சிஸ்டர்.

அதற்கப்புறம் நடந்ததை விவரித்தால் படிக்கிறவர்களுக்கும் அலுப்பு தட்டும். டேப்பை அணைத்துப் போட்டாள். வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி ஞாபகப்படுத்தினாள். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றப் பார்த்தாள், அழிந்தது, ஏறவில்லை. அதை ஏற்றவே தனியாக ஒரு பாடு பட்டு, தன் லேப்டாப்பிலிருந்து கம்பி வழியாகப் புகுத்தினாள். வட்டம் சுற்றியது. மருத்துவமனையின் சொந்தத் தளம் மட்டும் அந்த டேப்பில் அழகாகத் திறந்தது. சுவருக்கு உள்ளே எல்லாம் சரி, சுவரைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. இது ஃபயர்வால் தகராறு அல்லாமல் வேறு என்ன?

டிக்கெட்டை மறுபடி அழைத்தாள்.

"சத்தியமா இந்தப் பக்கம் எதுவும் தடுக்கலை மேடம்," என்றான். "உங்க டேப் வருது, கதவைத் தட்டுது. நான் விட்டுடறேன். அந்தப் பக்கத்துல செய்தி மென்பொருள்காரங்களும் 'வாங்க'ங்கறாங்க. இதுதான் அவங்க முகத்தைப் பாத்துட்டு பேசாம திரும்பிப் போயிடுது. கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி."

"டேப்புக்கு என்ன தம்பி கோபம்?"

"அதை நீங்கதான் கேக்கணும்."

பூட்டம்மா டேப்பை முறைத்தாள். தச்சர் மனைவியைத் தட்டிக் கைகளை வேகமாக அசைத்து ஏதோ சொன்னார். தையல்காரி இந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றார்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"நிலை கோணலா இருந்து கதவு சரியா மூடலைன்னாலும் எல்லாரும் கதவைத்தான் இழைப்பாங்களாம். நீங்க இந்த டேப்பைப் பாக்கற பார்வைக்கு, அது இழைக்காமலே பயந்துபோய் இளைச்சிடும்கறார்."

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கையில் மாத்திரையின் ஆயுள் கரைந்துகொண்டிருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். தையல்காரியின் பக்கம் திரும்பி, "அம்மா, சிஸ்டர்கிட்ட சொன்னா அவங்க உங்க வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பிடுவாங்க. உங்க உடம்பை நீங்க பாக்கணும் இல்லையா?" என்றார்.

"சிஸ்டருக்கு எத்தனையோ வேலை டாக்டர். இவருக்கு ராத்திரி ஒரு தடவை பயம் வந்தா அப்ப யார் பதில் சொல்வாங்க?" தையல்காரி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்கீங்க. அன்னிக்கும் எல்லாரும் நல்லவங்களாத்தான் இருந்தாங்க."

டாக்டர் உள்ளே போனார். ஈயப் பெட்டியைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யத்தான் போகிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. தச்சர் மனைவியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அவள் கையைப் பிடித்து, வேண்டாம், உள்ளே போ என்று சைகை செய்தார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் மறுபடி சொன்னார். இரண்டு பேருடைய கைகளும் காற்றில் சண்டை போட்டன. சத்தமே இல்லாத சண்டை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க பூட்டம்மாவால் முடியவில்லை.

'ஆண்டவனே, இந்தச் சுவரை நீ இடிக்க வேண்டாம்,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். 'இவங்க சண்டையை மட்டும் நிறுத்து.'

அவர்களுடைய சண்டையை நிறுத்த வேறு எதுவும் தோன்றாமல்தான் அவள் அப்படிச் செய்தாள். "ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் இப்படி வந்து சேர்ந்து நில்லுங்க," என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"ஒரு படம் எடுக்கறேன். செய்திதான் போகலை. ஒருவேளை நீங்க மனசு மாறி உள்ள போனா, பாத்துக்க அவர் முகமாவது இந்தப் பாழாப்போன பெட்டியில இருக்கட்டும்."

தையல்காரி மறுப்பாள் என்று நினைத்தாள். அவள் மறுக்கவில்லை, தச்சர் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். அவர் பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்பவர்போல விறைப்பாக நின்றார். பூட்டம்மா எடுத்தாள்.

"காட்டுங்க," என்றாள் தையல்காரி.

பூட்டம்மா படங்களைத் திறந்தாள். மேலே இருந்தது ஒரு சுவரின் படம். அடுத்து ஒரு நாற்காலி. அடுத்து யாரோ ஒரு நர்ஸ் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது. யாரோ பழகிப் பார்க்க எடுத்தவை. இப்போது எடுத்த படத்தைக் காணோம்.

"அட, இந்த சிஸ்டர் வேலையை விட்டுப் போயே எவ்வளவு காலமாச்சு," என்றார் சிஸ்டர் எட்டிப் பார்த்து.

பூட்டம்மா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் கீழே, அடி மட்டத்தில், தச்சரும் தையல்காரியும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் பழைய படம் போல. படத்துக்கு மேல் தேதி இருந்தது. பூட்டம்மா அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு அந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்து உரித்தாள். அடியில் டேப்பின் கடிகாரம் இருந்தது. டேப் தொழிற்சாலையைவிட்டு வந்த வருஷத்தில், ஏதோ ஒரு விடியற்காலையில் இருந்தது.

"சிஸ்டர், இது இவ்வளவு நாள் எங்கே இருந்துச்சு?"

"ஈய அலமாரியில. உள்ள போய்ட்டு வந்த சாமானை எல்லாம் அதுலதான் மேடம் வெப்போம், கதிர் அடங்கற வரைக்கும். அதுக்கப்புறம் இது யாருக்கும் தேவைப்படலை. அப்படியே கிடந்துச்சு."

"பேட்டரி செத்து?"

"நேத்துதான் சார்ஜ் போட்டேன்."

பூட்டம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். செய்தி மென்பொருள் யாரோடும் சும்மா பேசிவிடாது. எதிரே இருப்பவரிடம் அடையாளச் சீட்டைக் கேட்கும். அது இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று தன் கடிகாரத்தைப் பார்க்கும். இந்த டேப்பின் கடிகாரத்துக்கு அந்தச் சீட்டு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் வாசல்வரை போய், சீட்டைப் பார்த்து, இது போலி என்று திரும்பி வந்திருக்கிறது. காலையிலிருந்து அவள் கதவை இழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விழித்தெழும் டேப் தானாகவே வெளியே போய் சரியான நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும், அதுதான் வழக்கம். ஆனால் இந்த வார்டின் டேப்புகளுக்கு வெளியே நேரம் கேட்கக்கூட அனுமதி கிடையாது. யார் வைத்த விதி? பூட்டம்மா வைத்தது; தலைமை அலுவலகமும் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. எது தேவை என்று யாரும் எழுதிக் கேட்கவில்லையோ அதெல்லாம் பூட்டு. நேரம் வேண்டும் என்று பாவம் அந்த டேப் எழுதிக் கேட்கவில்லை.

"என்ன மேடம்?" என்றாள் தையல்காரி பயந்து.

"ஒண்ணுமில்லம்மா. இதுக்கு இன்னிக்கு என்ன தேதின்னு யாரும் சொல்லலை."

உறையின் மேலாகவே விரலால் வருஷங்களைத் தள்ளினாள். பிளாஸ்டிக் வழுக்கியது, வருஷம் ஒன்று தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. மாதம், நாள், மணி. மென்பொருளைத் தொட்டாள். வட்டம் வரவே இல்லை. நேராக, தொலைபேசி எண்ணைக் கொடுக்கும்படி கேட்டது.

"டாக்டர்கிட்ட ஓடுங்க சிஸ்டர். பெட்டியை அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

தையல்காரியின் எண்ணைப் போட்டாள். அந்த எண்ணுக்கு ஒரு ரகசிய இலக்கம் வரும், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எண் இருந்த கைபேசிக்கு அடித்தளத்தில் சிக்னல் இல்லை. தையல்காரி கையை இரண்டு தரம் அசைத்தாள். தச்சர் அவளுடைய கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு படிகளில் தாவி ஏறினார். அவர் திரும்பி வரும்வரை பூட்டம்மா டேப்பைத் தொடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவர் வந்து கைபேசியை நீட்டினார். இலக்கத்தைப் போட்டாள். திறந்துகொண்டது.

தச்சர் கொஞ்சம் தள்ளிப் போய், சுவரில் சாய்ந்து தன் கைபேசியில் தட்டினார். தையல்காரியின் கையில் டேப் சிணுங்கியது. அவள் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்னம்மா எழுதியிருக்கார்?" என்றார் அப்போதுதான் திரும்பி வந்த சிஸ்டர், கேட்கக் கூடாது என்று தெரிந்தும்.

"'வீட்டுச் சாவி உன் பையில இருக்கு, குடுத்துட்டு உள்ள போ'ங்கறார்."

அவள் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கணவர் கையில் வைத்தாள். பையையும் கொடுத்தாள். மருத்துவமனை உடையில், டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் ஈயப் பெட்டியோடு போனார்; கொஞ்ச நேரத்தில் தனியாக வெளியே வந்தார். கனமான கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. சிஸ்டர் தச்சருக்கு மாத்திரை விழுங்குவதுபோல் நடித்துக் காட்டினார். அவர் தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். மனைவி அவருக்கு அதை ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள்.

பூட்டம்மா தன் அறைக்கு வந்து ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். முதல் வேலையாக, அந்த வார்டுப் பெட்டிகளுக்கு நேரம் கேட்டுக்கொள்ள அனுமதி கொடுத்து ஒரு வரி எழுதினாள். மனிதர்களின் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கும் பெரிய விஷயங்களை ஆண்டவன் பார்த்துக்கொள்கிறான். இந்த மாதிரிச் சின்ன வரிகளை அவன் நம் கையில் விட்டுவிடுகிறான். அதைத்தான் நாம் பல நேரம் எழுத மறந்துவிடுகிறோம்.

தொலைபேசி அடித்தது. டிக்கெட்.

"மேடம், அந்த டிக்கெட்…"

"மூடிடாதீங்க தம்பி. அவங்க வெளிய வர வரைக்கும் திறந்தே இருக்கட்டும்."

"மூடறதுக்குக் கூப்பிடலை மேடம். என் மேலதிகாரிகிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். கொஞ்சம் திட்டினார். அப்புறம், எழுத்துல கேளு, தர்றேன்னார். அது இருக்கட்டும். அந்தம்மா மாத்திரை சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

"டேப்புக்கு என்ன கோபம்னு தெரிஞ்சுதா?"

சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "சரி மேடம், நான் வெக்கறேன். வீட்டுக்கு ஒரு போன் போடணும்," என்றான். "டிக்கெட் இல்லாம முயற்சி பண்ணிப் பாக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள். வைத்த கையோடு மறுபடி அடித்தது. மூன்றாம் மாடியில் பிரிண்டர் காகிதத்தைத் தின்கிறதாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தவள், ஒரு நிமிஷம் ஃபயர்வால் திரையைப் பார்த்தாள். எந்தப் பெட்டி எங்கே பேசுகிறது என்று அதில் வரி வரியாக ஓடும். என்ன பேசுகிறது என்று தெரியாது. எல்லாம் மூடி முத்திரை போட்ட சங்கேதம். காவல்காரனால்கூடப் படிக்க முடியாது.

அடித்தள டேப்பின் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வெளியே போனது. உடனே ஒன்று உள்ளே வந்தது. மறுபடி ஒன்று போனது. கொஞ்சம் இடைவெளி, யாரோ நீளமாக எழுதுகிறார்கள். பிறகு மூன்று வரிகள் அடுத்தடுத்து, ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவிடாமல். சண்டையாகவும் இருக்கலாம். இந்தத் தடவை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

பூட்டம்மா திரையை அணைக்காமல் பிரிண்டரைப் பார்க்கப் போனாள்.